‘ரப்பிங் அல்கஹோல்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கல்முனை:
எல்லாருக்கும் வணக்கம். ரப்பிங் அல்கஹோலை, அதாவது கிருமி போகத் தோலில் பூசித் துடைக்கிற திரவத்தை, வீட்டில் எப்படி வைத்துப் பாவிப்பது என்று ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘70 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோல்’ என்று அதன் இரசாயனப் பெயரைப் போட்டால் சனத்துக்கு விளங்காது. போன கிழமை ஒரு வீட்டில் இதைச் சோடாப் போத்தலில் ஊற்றி, குசினி யன்னலில், குடிதண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மணந்து பார்த்துத்தான் இன்னதென்று கண்டேன். அந்த வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது.

காரைதீவு:
மகள், ‘தேய்சாராயம்’ என்று யாராவது சொல்வார்கள், எடுக்க வேண்டாம். தேய்பிறை என்றால் தானே தேய்கிற பிறை. அதுபோலத் தேய்சாராயம் என்றாலும் தேய்க்கிற சாராயமா, தானே தேய்கிற சாராயமா என்று மயக்கம் வரும். ‘பூசுதேறல்’ என்று போடுங்கள். தேறுதல் என்றால் தெளிதல். சங்கப் பாட்டில் தேறல் தெளிந்த கள். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பதால்தான் அது தேற்றாங்கொட்டை. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். நம்மால் ஒரு நல்ல சொல் ஆக்க முடியாதா?

காத்தான்குடி:
சேர், தேறலும் கள்தான். அல்கஹோலுக்குப் பாடப்புத்தகங்களில் வரும் மதுசாரம் என்ற சொல்லிலும் மது இருக்கிறது. எங்கட உம்மாமார் அந்தப் பேரோடு ஒன்றையும் வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள். குடிக்கிறவனோ குடித்துப் பார்ப்பான், அது நஞ்சு. என் சொல் ‘எரிசாரம்’. காயத்தில் பட்டாலும் எரியும், நெருப்புப் பட்டாலும் எரியும். ஒரு பொறி பட்டால் இதன் ஆவி ஏறக்குறைய 18 பாகை செல்சியசிலேயே பற்றும். நமக்கு மார்கழி விடியற்காலையிலும் அவ்வளவு குளிர் இல்லை. மூடி திறந்திருந்தால் எந்நேரமும் ஆபத்துத்தான். ஆவி காற்றைவிடப் பாரம், தரையோடு ஊர்ந்து அடுப்படிக்கும் சாமி விளக்கடிக்கும் போய்விடும்.

கல்லடி:
கருத்து நல்லது. ஆனால் சாரம் என்றால் இங்கே இடுப்பில் உடுப்பது. சாரத்தில் நெருப்புப் பிடித்த கதை என்றுதான் வாசிப்பார்கள். ‘துடைநீர்’ சரிவருமா?

கல்முனை:
அக்கா, நீர் என்று முடிந்தால் குடிக்கலாம் என்றாகிவிடும். அந்தச் சோடாப் போத்தல் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கொக்கட்டிச்சோலை:
நான் பாமசியில் நிற்கிறவன். வருகிறவர்கள் கேட்பது ‘ஸ்பிரிட்’. அதையே போடுங்கள். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் பெரும்பாலும் எதனோல், உங்கள் பிரசுரத்தில் இருப்பது ஐசோபுரொப்பைல், ஆனால் காவல் ஒன்றுதான்: வந்த போத்தலிலேயே இறுக்கி மூடி, வெயில் படாமல், பூட்டுகிற அலுமாரியில். பிளீச்சோடு கலக்கவே கூடாது, நச்சுப்பொருள்கள் உண்டாகும். அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

காரைதீவு:
சனம் சொல்வதையே அச்சடிப்பதென்றால் கலைச்சொல் எதற்கு, தம்பி? பள்ளிக்கூடத்தில் ஒளித்தொகுப்பு என்று படித்த பிள்ளைக்கு அது விளங்கவில்லையா?

கொக்கட்டிச்சோலை:
அது பத்து வருசம் படிப்பிக்கிற சொல், சேர். இது ஒரு நொடியில் வாசித்துக் கையை எடுக்க வேண்டிய சொல்.

கல்முனை (வியாழன் இரவு):
ஏழு பேர் ஸ்பிரிட், மூன்று பேர் எரிசாரம், சேர் மட்டும் தேறல். ‘பூசும் ஸ்பிரிட்’ என்று போடுகிறேன். அதே வரியில் ‘குடித்தால் நஞ்சு’ என்றும் வரும்.

காரைதீவு:
சரி மகள், அச்சுக்குக் கொடுங்கள். ‘பூசும்’ என்பதாவது நின்றது. ஸ்பிரிட்டுக்கு நான் உடன்படவில்லை என்று குறித்து வையுங்கள். தேற்றாங்கொட்டை பற்றி நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.