மறு: ‘ஆபரேஷனலைசேஷன்’ – ‘செயலாக்கம்’ வேண்டாமே

வணக்கம்.

‘ஆபரேஷனலைசேஷன்’, அதாவது ஆய்வில் ஒரு கருத்தை எதை வைத்து அடையாளம் காண்பது என்று முடிவு செய்வது, இதற்குத் தமிழில் என்ன சொல் என்று மூன்று நாளாக ஓடும் மடலிழைக்குள் தாமதமாக நுழைகிறேன். ஆய்வேடுகளைப் படித்துத் திருத்துவது என் பிழைப்பு. அதனால் இந்தச் சொல் அடிக்கடி என் மேசைக்கு வரும். ஒவ்வொரு முறையும் வேறு உடுப்பில் வரும்: செயலாக்கம், செயல்வயப்படுத்தல், இயக்கமயமாக்கல். நல்லவேளை, ‘அறுவை வரையறை’ என்று இதுவரை யாரும் எழுதவில்லை. சில ஆய்வேடுகளுக்குப் பொருந்தியிருக்கும்.

> ஆபரேஷன் என்றால் செயல். ஆகவே செயலாக்கம். இதில் என்ன சிக்கல்?

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரியும். “மக்கள் பங்கேற்பை இவ்வாறு செயலாக்கினோம்” என்று எழுதினால், ஆய்வாளர் மக்களைக் கூட்டி ஏதோ திட்டம் நடத்தினார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அவர் செய்ததெல்லாம் வினாநிரலில் ஆறு கேள்வி சேர்த்தது.

‘ஆபரேஷனல் டெஃபனிஷன்’ என்பதைச் ‘செயல்பாட்டு வரையறை’ என்று எழுதுவது இன்னும் சங்கடம். சமயத்தைப் பற்றிய சமூகவியலில், சமயம் என்பது எது என்று உள்ளடக்கத்தை வைத்து வரையறுப்பவர்கள் உண்டு. அது சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து வரையறுப்பவர்களும் உண்டு. இரண்டாவதற்குச் செயல்பாட்டு வரையறை என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘ஃபங்ஷனல்’ உட்கார வேண்டிய நாற்காலியில் ‘ஆபரேஷனல்’ போய் உட்கார்ந்தால், சமயம் பற்றிய ஒரே கட்டுரையில் இரண்டையும் எழுத நேரும்போது என்ன செய்வோம்?

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் இரவல்தான். இயற்பியலிலிருந்து வந்தது. இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன் 1927-இல் முன்வைத்த வாதம் அது: ஒரு கருத்தின் பொருள், அதை அளக்க நாம் செய்யும் செயல்களின் தொகுப்புதான். அளவுகோலை வைத்து அளக்கும் நீளமும் ஒளியைக் கொண்டு அளக்கும் நீளமும், கறாராகச் சொன்னால், வேறு வேறு கருத்துகள் என்கிற அளவுக்குப் போனார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ‘செயல்’ என்பதற்குக் கையும் கருவியும் உண்டு. சமூக அறிவியல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது பிரிட்ஜ்மனின் கறார் போய்விட்டது, சொல்லின் உடம்பு மட்டும் தங்கிவிட்டது. அந்த உடம்பைத் தமிழில் பெயர்ப்பதால் என்ன லாபம்? சொல் செய்கிற வேலையைப் பார்ப்போம்.

வேலை இதுதான். ‘வேலையின்மை’ என்று ஒரு சொல் இருக்கிறது. எல்லோருக்கும் புரிகிறது, எண்ணத்தான் முடியாது. தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பன்னாட்டு மாநாடு மூன்று நிபந்தனை வைத்தது: வேலையில் இருக்கக் கூடாது, வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராக இருக்க வேண்டும். அலைந்து அலைந்து சலித்துப்போய்த் தேடுவதை நிறுத்தியவர் இந்தக் கணக்கில் வேலையில்லாதவர் அல்ல. அந்த வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் அல்ல. வீட்டுத் தேவைக்காக மட்டும் விளைவிப்பவர், அந்த விளைச்சல் குடும்பத்தின் நுகர்வில் முக்கியப் பங்கு வகித்தால், 1982-இன் தீர்மானப்படி வேலையில் இருப்பவர். 2013-இன் தீர்மானப்படி அவர் செய்வது உழைப்பு. ஆனால் அவர் ‘வேலையில் இருப்பவர்’ என்ற கட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அதே ஆள், அதே நிலம், மாறியது வரையறை மட்டும்.

இன்னொன்று எனக்குப் பிடித்தது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரிடம் காட்டும் ஒதுக்கத்தை எப்படி அறிவது? சமூகவியலாளர் போகார்டஸ் 1925-இல் ஏழு படி வைத்தார். அவர்களை மணவுறவாக ஏற்பீர்களா, நண்பராக, பக்கத்து வீட்டுக்காரராக, உடன் வேலை செய்பவராக, குடிமகனாக, வெறும் வருகையாளராக. இல்லை, நாட்டுக்குள்ளேயே விட மாட்டீர்களா? எந்தப் படியில் கால் நின்றுவிடுகிறதோ அதுதான் ஒதுக்கத்தின் அளவு. (இதைச் ‘சமூக இடைவெளி’ என்று எழுதிவந்தவர்களுக்கு 2020-இல் வந்த சோதனை நினைவிருக்கும். ஆறடி தள்ளி நிற்பதற்கு அந்தப் பெயரை ஊரே எடுத்துக்கொண்டது. இப்போது நான் ‘சமூகத் தொலைவு’ என்று திருத்துகிறேன்.)

ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒரு கருத்துக்கு எதை அடையாளமாகக் கொள்ளலாம் என்று தீர்மானிப்பதுதான் இந்த வேலை. தீர்மானிப்பவர் ஆய்வாளர். இந்த இரண்டும் சொல்லில் தெரிய வேண்டும்.

> அளவுருவாக்கம் – சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கிறது.

அழகுதான். ஆனால் ‘அளவுரு’ புள்ளியியலில் ஏற்கெனவே குடியிருக்கிறது, ‘பாராமீட்டர்’ அது. தவிர, எல்லா ஆய்வும் அளப்பதில்லை. நேர்காணல் எழுத்துப்படியில் எந்தப் பேச்சை ‘அவமானம்’ என்ற குறியின் கீழ் கொண்டுவருவது என்று முடிவு செய்பவரும் இதே வேலையைத்தான் செய்கிறார். எண் எதுவும் இல்லை. ‘அளவு’ என்ற வேரை வைத்தால் அவர் வெளியே போய்விடுவார்.

> தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே நிகழும் உணர்ச்சி மெய்யில் தெரிவது. மெய்ப்படுத்தல் என்றால் என்ன?

ஐயா, இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். நகையும் அழுகையும் அச்சமும் உள்ளே இருப்பவை, புறக்குறிகளால் அறியப்படுபவை. குறிகாட்டி, அதாவது கருத்துக்கு அடையாளமாக நாம் கொள்வது, என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது. ஆனாலும் இரண்டு தயக்கம். ‘மெய்ப்பித்தல்’ பக்கத்து வீடு. “கருத்தை மெய்ப்படுத்தினோம்” என்றால் பாதிப் பேர் நிரூபித்தோம் என்று படிப்பார்கள். கருதுகோளைச் சோதிக்கும் முன்பே நிரூபித்துவிட்டதாகத் தோன்றுவது ஆய்வேட்டுக்கு ஆகாது. இரண்டாவது, மெய்ப்பாடு தானாக வருவது. மயிர்க்கூச்செறிவதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆய்வாளர் தன் குறிகாட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்.

என் முன்மொழிவு: புலனாக்கம். ‘புலனாகிறது’ என்பது எல்லோருக்கும் தெரிந்த வினை. தானாகப் புலனாகாததை நாம் புலனாக்குகிறோம். வினையாகவும் தடையில்லாமல் ஓடுகிறது: “நம்பிக்கை என்பதை இந்த ஆய்வு ஒரே கேள்வியால் புலனாக்குகிறது.” மறுத்து எழுதவும் வருகிறது: “இப்படிப் புலனாக்கியதில் ஒரு குறை உண்டு.” மறுக்க வராத சொல் ஆய்வுக்கு உதவாது.

நம்பிக்கை என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலானவர்களை நம்பலாமா, அல்லது எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வி பல நாட்டுக் கணக்கெடுப்புகளில் பல பத்தாண்டுகளாகக் கேட்கப்படுகிறது. ‘பெரும்பாலானவர்கள்’ என்றதும் சிலர் முன்பின் தெரியாதவர்களை நினைக்கிறார்கள், சிலர் தமக்கு நெருக்கமானவர்களை நினைக்கிறார்கள். நாட்டுக்கு நாடு இது மாறுகிறது என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. எண்களை மட்டும் பார்த்து எந்த நாட்டில் நம்பிக்கை அதிகம் என்று வரிசை போடுபவர் இதைத் தவறவிடுவார். அதனால்தான் நான் எந்தக் கட்டுரையிலும் சுருக்கத்தைப் படித்த கையோடு பின்னிணைப்புக்குப் போய் வினாநிரலைப் பார்ப்பேன். முடிவுரை அப்புறம்.

அன்புடன்.

-----

புலனாக்கம் பிடித்திருக்கிறது. ஒரு ஐயம்: ஏற்கெனவே இருப்பதை வெளிச்சம் போட்டுக் காட்டுவது போல ஒலிக்கவில்லையா? வறுமையை ஆய்வாளர் கண்டுபிடிப்பதில்லை, கோடு கிழிக்கிறார்.

-----

நியாயமான கேள்வி. ‘புலப்படுத்தல்’ என்றால் அந்தக் குறை முழுசாக இருக்கும். ‘ஆக்கம்’ கொஞ்சம் தாங்குகிறது. ஆக்குபவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்கிறது. மிச்சக் குறையோடு இருக்கட்டும். வரையறைக்கு மட்டும் ‘புலனாக்க வரையறை’ என்று நீட்ட வேண்டாம் என்று தோன்றுகிறது. “இந்த ஆய்வில் வறுமை என்றால்…” என்று தொடங்கினால் போதும், பெயர்ச்சொல்லே தேவையில்லை.

-----

நேற்று ராத்திரி என் மூன்றாம் இயலில் எல்லா இடத்திலும் ‘செயலாக்கம்’ எடுத்துவிட்டுப் ‘புலனாக்கம்’ போட்டேன் அக்கா. “பெற்றோர் ஈடுபாட்டைப் பின்வருமாறு செயலாக்கினோம்” என்று இருந்த வரியை மாற்றியதும், எப்படிப் புலனாக்கினோம் என்று என்னையே கேட்க வேண்டியதாயிற்று. வினாநிரலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அப்பா படித்த படிப்பு இருக்கிறது, அம்மா படித்த படிப்பு இருக்கிறது, வருமானம் இருக்கிறது. ஈடுபாட்டுக்கு ஒரு கேள்வி கூட இல்லை. களப்பணி முடிந்து எட்டு மாதம் ஆகிறது.

-----

தலைப்பை மாற்றலாம் தம்பி. ‘பெற்றோர் பின்புலம்’ என்று போடுங்கள், கையில் இருக்கும் தரவு அதற்குச் சரியாக வரும். ஈடுபாட்டைப் பற்றி முன்னுரையில் எழுதிய நான்கு பக்கத்தையும் எடுத்துவிட வேண்டியிருக்கும். வரைவை அனுப்புங்கள், பார்க்கிறேன்.