புதுப்பிப்பு: டிஸ்க்கில் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்த ஆள் சிக்கிவிட்டான்

லினக்ஸ் கணினியில் நான் எதையும் தொடாதபோதும் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, எழுதுவது யார் என்று போன வாரம் கேட்டிருந்தேன் அல்லவா, விடை கிடைத்துவிட்டது.

எந்தப் புரோகிராம் டிஸ்க்கில் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும் ஐஓடாப் கருவியைச் சும்மா ஓட்டியபோது வரிகள் வந்து வந்து மறைந்தன. கூட்டுத்தொகை காட்டும்படி மாற்றி அரை மணி நேரம் விட்டதும், உச்சியில் நின்றது ஜேபிடி2. அதைத் திட்டிப் பயனில்லை. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் ஜர்னலை, அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, எழுதும் கர்னல் த்ரெட் (லினக்ஸின் மையப்பகுதிக்குள்ளேயே ஓடும் வேலையாள்) அது. வேறு யாரோ எழுதுவதால்தான் அதற்கு வேலை. கர்னலின் இன்னொரு வேலையாளான கேவொர்க்கரும் அப்படித்தான். புரோகிராம் எழுதுவது முதலில் நினைவகத்தில் தங்கி, அப்புறம்தான் டிஸ்க்குக்குப் போகிறது. சுமந்து போகிறவன் பெயர்தான் நம் கண்ணில் படுகிறது.

சரி என்று, எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று கண்காணிக்கும் ஃபாட்ரேஸ் கருவியை ஓட்டி, எழுதும் நிகழ்வுகளை மட்டும் வடிகட்டினேன். அது கோப்பின் பெயரையே காட்டிவிடும். 15 விநாடிக்கு ஒருமுறை ஒரே கோப்பு: உலாவி, திறந்திருக்கும் டேப்களின் பட்டியலைச் சேமிக்கிறது! பின்னால் ஒரு டேப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அதனால்தான் இந்த ஓயாத சேமிப்பு.

அதை மூடிவிட்டு, சேமிக்கும் இடைவெளியையும் 5 நிமிடமாக்கினேன். கரண்ட் போனால் கடைசியாகத் திறந்த டேப்கள் போகும், போகட்டும். விளக்கு இப்போது எப்போதாவதுதான் மினுக்குகிறது.