எம்எஸ் வேர்டுல ஒரே பக்கத்துல பக்கம்பக்கமா ரெண்டு டேபிள்: இன்னும் மனசுல உறுத்துற வேலை எது? (பேசுறவங்களுக்கு ஊர்ப்பேர்தான் பேரு.)

மஞ்சக்குப்பம் டிடிபி:
பண்ருட்டி முந்திரி விலைச்சீட்டு. இடப்பக்கம் முழுப்பருப்பு, டபிள்யூ 180, 240, 320 தரங்கள், வலப்பக்கம் உடைசல். கச்சிதமா உட்கார்ந்தாச்சு. பிரிண்ட் போற நேரத்துல "மேல ஒரு செல் நம்பர் சேர்த்துடுங்க". ஒரே ஒரு எண்டர். இடது டேபிள் ஒரு வரி இறங்குது, வலது நின்ன இடத்துலயே நிக்குது. படிக்கட்டு மாதிரி.

மூலையில இருக்கிற நாலு அம்புக்குறியைப் பிடிச்சு இழுத்து வைச்சா, வேர்டு தானாவே டெக்ஸ்ட் ராப்பிங்கை 'அரவுண்ட்' ஆக்கிடும், அதாவது டேபிள் மிதக்கும், எழுத்து அதைச் சுத்தி ஓடும். டேபிள் ப்ராபர்ட்டீஸ்ல பொசிஷனிங்கைத் திறந்தா இடதுக்கு வெர்ட்டிகல் 'பாராகிராஃப்', வலதுக்கு 'பேஜ்'. அதான் வினை. ரெண்டையும் 'பாராகிராஃப்' ஆக்கி, 0 கொடுத்து, 'மூவ் வித் டெக்ஸ்ட்' டிக் போட்டு, 'அலவ் ஓவர்லேப்' டிக்கை எடுத்துட்டா சேர்ந்தே நகரும். ஹாரிசான்டல் ஒண்ணுக்கு லெஃப்ட், இன்னொண்ணுக்கு ரைட், ரெண்டும் மார்ஜினை வைச்சு. ஏ4 அகலம் 21 செ.மீ., ரெண்டு பக்கமும் 2.54 போனா 15.92. டேபிளுக்கு 7.5 வீதம், நடுவுல 0.92 மிச்சம். 8, 8-ன்னு ஆசைப்பட்டா இடம் பத்தாம ரெண்டாவது கீழே குதிச்சுடும்.

வில்லியனூர்:
இழுத்து வைக்கிறதே தப்பு. நாளைக்கு வேற யாராவது அந்த ஃபைலைத் தொட்டா மறுபடியும் படிக்கட்டுதான். வெளியில ஒரு டேபிள், 1 ரோ, 3 காலம் (நெடுவரிசை): 7.5, 0.92, 7.5 செ.மீ. பார்டர் இல்லை. உள்ளே ரெண்டு டேபிள்.

நமக்கு மாட்டினது தமிழும் பிரெஞ்சும் எதிரெதிரா வர்ற வகுப்பு அட்டவணை. எல்லாம் சரி, பிரெஞ்சுப் பக்கத்துல ஒரு நீள மின்னஞ்சல் முகவரியை ஒட்டினதும் அந்தக் காலம் ஊதி, தமிழ்ப் பக்கம் ஒரு செ.மீ. சுருங்கிப்போச்சு. முகவரியை நடுவுல உடைக்க முடியாததால வேர்டு செல்லை அகலமாக்குது. டேபிள் ப்ராபர்ட்டீஸ், ஆப்ஷன்ஸ் போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்' டிக்கை எடுங்க. வெளி டேபிளுக்கும் எடுக்கணும், உள் டேபிளுக்கும் எடுக்கணும். அங்கேயே வெளி டேபிளோட செல் மார்ஜின் இடது வலது 0.19 இருக்கும், 0 ஆக்கிடுங்க. உள் டேபிளுக்குக் கீழே ஒரு வெத்து வரி நிக்கும், அதை அழிக்கவே முடியாது. எழுத்து அளவை 1 ஆக்கினா கண்ணுக்குத் தெரியாது.

தேவனாம்பட்டினம்:
மாசிமகம் நன்கொடைப் பட்டியல், 60 பேர். இதுக்கு ரெண்டு டேபிளே வேண்டாம். ஒரே டேபிள், லேஅவுட்ல காலம்ஸ் ரெண்டு. வரிகள் தானா அடுத்த காலத்துக்குப் போகும். 'ரிபீட் ஹெடர் ரோஸ்' போட்டா வரிசை எண், பெயர், தொகை அங்கேயும் வரும்.

தனித்தனி டேபிள்தான் வேணும்னா நடுவுல கன்ட்ரோல் ஷிஃப்ட் எண்டர், அதாவது காலம் பிரேக். இங்கதான் மாட்டினது: கர்சர் டேபிளுக்குள்ளயே இருந்துச்சு. அதே கீ உள்ளே இருந்தா டேபிளை ரெண்டா வெட்டும். 31-வது பெயர்ல பிளந்துகிட்டு நின்னுது. கர்சரை டேபிளுக்குக் கீழே இருக்கிற வரியில வைச்சு அடிக்கணும்.

லாஸ்பேட்டை:
வில்லியனூர் சார், உங்க முறை ஒரு பக்கம் வரைக்கும்தான். 'அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' டிக் இல்லைன்னா, பக்கத்துல மிச்சமிருக்கிற இடம் பத்தாதப்போ அந்த ஒத்தை ரோ மொத்தமா அடுத்த பக்கத்துக்குத் தாவிடும், முதல் பக்கம் பாதி காலி. மஞ்சக்குப்பம் முறையில வேற குறை: 'அரவுண்ட்' போட்ட டேபிளுக்கு ஹெடர் ரோ அடுத்த பக்கத்துல திரும்ப வராது.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம்னு நாலு டேபிள், ரெண்டு ரெண்டா. வேர்டுல செஞ்ச ஃபைலை வாங்கினவங்க பழைய லிப்ரே ஆபீஸ்ல (இலவச ஆபீஸ் மென்பொருள்) திறந்திருக்காங்க. ஏனாம் டேபிளோட கடைசி வரிகளைக் காணோம். 2023-ல வந்த 7.6-க்கு முன்னாடி அதோட ரைட்டர்ல (வேர்டு மாதிரி) மிதக்கிற, அதாவது 'அரவுண்ட்' போட்ட டேபிள் ஃப்ரேமுக்குள்ள போய் உட்காரும், ஃப்ரேம் பக்கம் தாண்டிப் பிரியாது. அனுப்புறதுன்னா பிடிஎஃப்.

ஓ.டி. கடலூர்:
சின்ன விஷயம்தான். பாமினியில (யூனிகோடு இல்லாத பழைய தமிழ் எழுத்துரு) இருந்த டேபிளை யூனிகோடுக்கு மாத்தி லதா எழுத்துரு போட்டதும் இடதும் வலதும் வரிக்கு வரி ஒக்கலை.

கேட்காமலே சொல்றேன், கோபிக்காதீங்க. லதாவுக்கு வரி உயரம் அதிகம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் வெறும் எண்ணுன்னா எண் பக்கத்துலயும் அதே எழுத்துருவையே போடுங்க. வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 12 ஆக்கிச் சமாளிக்கிறாங்க, அப்போ கீ, வீ மேல இருக்கிற சுழி வெட்டுப்படும். 'அட்லீஸ்ட்' போடுங்க. ரோ உயரத்துக்கும் அதேதான்: 'அட்லீஸ்ட்' 0.7 செ.மீ., ரெண்டு டேபிளுக்கும் ஒரே அளவு. வரிக்கு வரி ஒத்தே ஆகணும்னா ரெண்டு டேபிளை மறந்துட்டு, 3+1+3-ன்னு ஏழு காலத்துல ஒரே டேபிள் போட்டு, நடுக் காலத்துக்கு மேல் கீழ் பார்டரை எடுத்துடுங்க. ஆனா இடப்பக்கம் ஒரு பெயர் ரெண்டு வரியா மடிஞ்சா வலப்பக்க ரோவும் சேர்ந்து உயரும்.

மஞ்சக்குப்பம் டிடிபி:
ஹெடர் ரோ விஷயம் சரிதான் லாஸ்பேட்டை. விலைச்சீட்டு ஒரே பக்கம்ங்கிறதால தப்பிச்சது. ஓ.டி., அந்த ஏழு காலத்துல வரிசைப்படுத்த 'சார்ட்' (Sort) போட்டா வலப்பக்கமும் கலைஞ்சுடுமே?

ஓ.டி. கடலூர்:
கலையும். இடது மூணு காலத்தை மட்டும் செலக்ட் பண்ணி, சார்ட்ல ஆப்ஷன்ஸ் போய் 'சார்ட் காலம் ஒன்லி' டிக் போடுங்க.