விஸ்கி எப்படிச் செய்கிறார்கள்? சிங்கிள் மால்ட், பிளென்டட், போர்பன் வித்தியாசம் என்ன?

நானுஓயா பனி

வணக்கம். ஹோட்டல் பாரில் விருந்தினர் கேட்டால் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். தேயிலை என்றால் கொழுந்து வாட்டுவதிலிருந்து தரம் பிரிப்பது வரை நம்ம ஆட்கள் மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள். விஸ்கியை அதே மாதிரி படிப்படியாக யாராவது சொல்லுங்களேன். எல்லாம் தானியத்தில் செய்வதுதானே, பிறகு ஏன் இத்தனை பெயர்கள்? நுவரெலியாக் குளிரில் பீப்பாயில் வைத்தால் ஸ்கொட்லாந்து மாதிரியே முதிருமா என்பதும் தெரிய வேண்டும்.

டிக்கோயா மேகம்

தேயிலையை வைத்தே தொடங்கலாம். பார்லியில் இருப்பது மாப்பொருள். மதுவம், அதாவது ஈஸ்ட், மாப்பொருளைத் தொடாது, சீனியைத்தான் தின்னும். அதனால் முதலில் பார்லியை முளைகட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள், இடையிடையே நீரை வடித்துக் காற்றுப் படவிட்டு ஊறவைத்தால் ஈரம் 45 வீதம் அளவுக்கு வரும். பிறகு நான்கைந்து நாள் பரப்பிவைத்துக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கிளறாவிட்டால் சூடேறி, வேர்கள் பாய்போல் பின்னிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும். முளைக்கும்போது மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியம் உள்ளே உருவாகிறது. அந்த நேரத்தில் சூளையில் உலர்த்தி நிறுத்திவிட வேண்டும். உலர்ந்த இந்தப் பார்லிதான் மால்ட்.

தேயிலையோடு ஒப்பிடுகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஃபெக்டரியில் ட்ரையருக்குக் கொண்டுபோவதே நொதியத்தின் வேலையை முடித்துவைக்கத்தான். மால்ட் சூளையில் முளை சாக வேண்டும், நொதியம் சாகக் கூடாது. அதனால் சூட்டை 70 பாகைக்குக் கீழே வைத்து, ஈரத்தை மெதுவாக 5 வீதம் அளவுக்கு இறக்குவார்கள். புகை மணமும் இங்கேதான் ஏறுகிறது. பீட் என்ற சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்தால், அந்தப் புகையிலுள்ள பீனோல் ஈரமான மால்ட்டில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கொட்லாந்தின் ஐலே தீவின் புகைமண வகைகளுக்குப் போகும் மால்ட்டில் இது மில்லியனுக்கு 35 முதல் 55 பங்கு வரை இருக்கும். வடித்து முடிக்கும்போது பாதிக்கு மேல் போய்விடும்.

அடுத்தது அரைத்தல். உமி 20, குருணை 70, மாவு 10 என்பது வழக்கமான பங்கு. மாவு கூடினால் கலத்தின் அடியில் பசைபோல் படிந்து சாறு இறங்காது. உமி நொறுங்கினாலும் அதே கதிதான், ஏனென்றால் உமிதான் வடிகட்டி. அரைத்ததில் மூன்று தடவை வெந்நீர் ஊற்றிச் சீனிச் சாற்றை இறக்குவார்கள். ஒரு தொன் மால்ட்டுக்கு முதல் நீர் ஏறத்தாழ 4,000 லீட்டர், கலந்த பிறகு சூடு 64 பாகை. ஐந்தாறு பாகை தாண்டினாலே சீனியாக்கும் முக்கிய நொதியம் வேகமாக அழியும். அப்புறம் ஈஸ்ட் தின்ன முடியாத சீனியே மிஞ்சும். இரண்டாவது நீர் 75 பாகை. மூன்றாவது இன்னும் சூடானது, அதில் இறங்கும் மெல்லிய சாற்றை அடுத்த தடவைக்கு முதல் நீராக எடுத்துக்கொள்வார்கள்.

சாற்றை 20 பாகை அளவுக்கு ஆற்றி ஈஸ்ட் சேர்த்தால் 48 மணிநேரத்திலேயே மதுசாரம் 8 வீதம் வந்துவிடும். சூடு தானாக 33 பாகை வரை ஏறும். 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்து நின்றுவிடும். 70, 80 மணிநேரம் விட்டால் லெக்டிக் பக்டீரியா வேலை செய்து பழமணம் வரும். அவசரப்பட்டால் தானிய வாடைதான் மிஞ்சும். என்னைக் கேட்டால், சுவையில் பாதி இந்தத் தொட்டியில்தான் தீர்மானமாகிறது. ஆனால் விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

பதுளை வீதி 7

மேலே சொன்னது அத்தனையும் சரி. வடிப்பதை நான் சொல்கிறேன்.

மால்ட் விஸ்கிக்குச் செப்புக் கலம்தான். அழகுக்காக இல்லை, கந்தகச் சேர்மங்களைச் செப்பு பிடித்துக்கொள்கிறது. செப்பு போதாவிட்டால் அவித்த கோவா வாடை அடிக்கும். முதல் வடிப்பில் 22, 23 வீதம் வரும். இரண்டாவது வடிப்பை மூன்றாகப் பிரிப்பார்கள். முதலில் வரும் தலைப்பகுதியில் எதைல் அசிற்றேற்று போன்ற காரமான பொருள்கள். நடுப்பகுதி ஏறத்தாழ 72 வீதத்தில் தொடங்கி 60, 63 வரை. பீப்பாய்க்குப் போவது இது மட்டும்தான். வாலில் எண்ணெய்த் தன்மையும் கனமான வாடையும். தலையையும் வாலையும் அடுத்த வடிப்போடு சேர்த்துவிடுவார்கள். தலைப்பகுதி முடிந்ததா என்று அறிய, வருவதில் நீர் கலந்து பார்ப்பார்கள். கலங்கினால் இன்னும் முடியவில்லை, தெளிவாக இருந்தால் நடுப்பகுதி வந்துவிட்டது.

78 பாகையில் மதுசாரம் கொதிக்கும் என்று புத்தகத்தில் இருப்பது கடல்மட்டத்துக்கான கணக்கு. 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் தூய மதுசாரம் 73 பாகை அளவிலும் நீர் 94 பாகையிலும் கொதிக்கும். எனவே வெட்ட வேண்டிய இடத்தை, அதாவது தலை, நடு, வால் என்று பிரிக்கும் இடத்தைக் காட்ட வெப்பமானி போதாது. நீரமானியில் வலிமையைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள்.

யாரும் வீட்டில் முயல வேண்டாம். அனுமதியில்லாமல் வடிப்பது குற்றம், மதுவரித் திணைக்களம் பிடிக்கும். அதைவிட ஆபத்து, மூடிய அறையில் ஆவி தீப்பிடிப்பது.

கண்டி ஏரிக்கரை

வகைகளுக்கு வருகிறேன். பெயர் என்பது சட்டம், அதைப் புரிந்துகொண்டால் குழப்பம் இல்லை.

ஸ்கொட்ச் என்றால் ஸ்கொட்லாந்தில் வடித்து, 700 லீட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் அங்கேயே மூன்று வருடமாவது முதிர்ந்து, 40 வீதத்துக்குக் குறையாமல் போத்தலில் அடைத்தது. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் ஐந்து வகை. சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையின் மால்ட். ஒரே பீப்பாய் என்று நினைப்பது தவறு, நூறு பீப்பாய்கூடக் கலந்திருக்கலாம். பல வடிசாலைகளின் மால்ட்டைக் கலந்தால் பிளென்டட் மால்ட். சிங்கிள் கிரெய்ன், பிளென்டட் கிரெய்ன் இரண்டும் கோதுமை, சோளம் போன்றவற்றைச் சேர்த்து, பெரும்பாலும் நெடுங்கோபுரக் கலத்தில் வடிப்பவை. அந்தக் கலத்துக்கு 1830இல் காப்புரிமை பெற்றவர் அயர்லாந்தில் மதுவரி அதிகாரியாக இருந்த ஈனியஸ் கொஃபி. மால்ட்டும் கிரெய்னும் சேர்ந்தால் பிளென்டட் ஸ்கொட்ச். போத்தலில் "12 வருடம்" என்றிருந்தால் உள்ளே இருப்பவற்றில் மிக இளையதின் வயது அது.

போர்பன் அமெரிக்காவில் செய்வது. குறைந்தது 51 வீதம் சோளம், உள்ளே கரித்த புதிய ஓக் பாத்திரம், பீப்பாய்க்குப் போகும்போது 62.5 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வனிலாவும் இனிப்பும் வருவது அந்தக் கரித்த புது மரத்தால்தான். ஒரு தடவை பயன்பட்ட அதே பீப்பாயில் மறுபடி போர்பன் வைக்க முடியாது என்பதால், ஸ்கொட்ச்சில் பெரும்பகுதி பழைய போர்பன் பீப்பாயில்தான் முதிர்கிறது. ரை விஸ்கிக்குச் சோளத்தின் இடத்தில் ரை என்ற தானியம், மிளகுக் காரம். அயர்லாந்தின் பொட் ஸ்டில் (செப்புக் கலம்) வகையில் முளைகட்டாத பார்லியும் சேரும், பல இடங்களில் மூன்று தடவை வடிப்பார்கள்.

நம்ம சாராயத்தையும் கேட்பார்கள். தென்னங்கள்ளில் வடித்ததை எத்தனை வருடம் பீப்பாயில் வைத்தாலும் விஸ்கி ஆகாது, தானியம் இல்லையே. சீனி ஆலை மொலாசஸில் செய்த மதுசாரம் கலந்ததை இந்தியாவில் விஸ்கி என்று விற்கிறார்கள், ஐரோப்பாவில் அந்தப் பெயர் செல்லாது.

நுவரெலியாவின் சராசரி 16 பாகை, ஸ்கொட்லாந்தில் அதற்குப் பாதி. அங்கே பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 வீதம் ஆவியாகும், பெங்களூரில் 10 வீதத்துக்கும் மேல். 200 லீட்டரில் 12 வருடத்துக்குப் பின் மிஞ்சுவது அங்கே 157, பெங்களூர்க் கணக்கில் 56 தான். நுவரெலியா இரண்டுக்கும் நடுவில் வரும். ஆனால் இங்கே கோடை, குளிர்காலம் என்ற பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, அதனால் மரத்துக்குள் போய்வரும் ஓட்டம் குறையும். ஈரக்காற்றில் நீரைவிட மதுசாரம் வேகமாகப் போவதால் வலிமையும் இறங்கும். அதே மாதிரி என்று சொல்ல முடியாது.

நானுஓயா பனி

மூவருக்கும் நன்றி அண்ணே. ஒன்று விட்டுப்போச்சு: ஜனவரிக் குளிரில் அலுமாரியில் நிற்கும் சில போத்தல் லேசாகக் கலங்கித் தெரிகிறது. கெட்டுப்போனதா?

பதுளை வீதி 7

கெடவில்லை. குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி 46 வீதத்துக்குக் கீழ் இருந்தால், குளிரில் கொழுப்பமில எஸ்டர்கள் பிரிந்து மங்கலாகும். ஐஸ் போட்டாலும் இப்படித்தான். அடுப்பங்கரைச் சூட்டில் அரைமணிநேரம் வைத்துப் பாருங்கள், தெளிந்துவிடும். தெளியாமல் தூளாக அடியில் கிடந்தால் தக்கையையும் மூடியையும் பாருங்கள். தக்கை உள்ள போத்தலைப் படுக்கவைக்கக் கூடாது, மதுசாரம் தக்கையை அரித்துவிடும்.