புதுப்பிப்பு: அம்மாவின் பல் சீழ், வீக்கம் வடிந்துவிட்டது

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கியிருக்கிறது, மாத்திரை போட்டும் வலி திரும்பி வருகிறது, பிடுங்கிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கறையோடு பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிடுங்கவில்லை, பல்லைத் திறந்து உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்தாயிற்று.

காட்பாடியில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். அங்கே எலும்பு கரைந்திருக்கிறதாம். பல்லுக்குள் ரத்த ஓட்டம் செத்துவிட்டால் மாத்திரை மருந்து உள்ளே போய்ச் சேராது. அதனால்தான் நிறுத்தியதும் வலி வந்திருக்கிறது. பல்லைத் திறந்ததும் நாற்றத்தோடு சீழ் வழிந்தது. துப்பிவிட்டு நிமிர்ந்த அம்மா, "அப்பாடா, பாரம் இறங்கினாப்ல இருக்குது" என்றார்.

அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. சீழ் இருந்தவரை அது அடங்கவே இல்லை, இப்போது இறங்குகிறது. சர்க்கரை உள்ளவர்கள் பல் வலியைத் தள்ளிப் போடவே கூடாது என்பேன். கிராம்பு எண்ணெய் வலியை மரக்கச் செய்யும், சீழை ஆற்றாது. வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினால், விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டால், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. இந்த வேலூர் வெயிலுக்குக் கேழ்வரகுக் கூழ், மெல்லவும் வேண்டாம். அப்புறம், இனி பல்லின் மேல் கேப் (உறை) போட வேண்டும். கடைவாய்ப் பல்லுக்கு உலோகக் கேப்பா, பல் நிறத்தில் வரும் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையா? போட்டவர்கள் சொல்லுங்கள்.