யாழ்ப்பாண வெயிலுக்க பனிக்கால ஆமி உடுப்பு: சேக்கலாமோ, வேண்டாமோ?

வடலி:
கனடா மாமா போன மாசம் வரேக்க அமெரிக்கன் ஆமியின்ர எம்-1951 பார்க்கா, அதுதான் தலைமூடி வச்ச நீளக் குளிர்க் கோட், ஒண்டு கொண்டந்து தந்தவர். கொரியச் சண்டைக் காலத்து டிசைன், பின்பக்கம் மீன்வால் மாதிரி ரெண்டாப் பிளந்து கிடக்கும், அந்த ரெண்டையும் தொடையோட சேத்துக் கட்டினா கீழால காத்து ஏறாது, உள்ளுக்குக் கொழுவ கம்பளி லைனர் வேற. சுவிஸ் ஆமிக் கம்பளிக் கோட் ஒண்டு முதலே வச்சிருக்கிறன். இங்க வேற ஆரும் சேக்கிறியளோ?

கோண்டாவிலான்:
தம்பி குறை நினைக்காத. எங்கட வயசுக்காரர் அந்தப் பச்சைத் துணியைக் கண்டா இப்பவும் கை தன்பாட்டில பொக்கற்றுக்க ஐசியை, அடையாள அட்டையை, தேடும். 95 ஒக்ரோபர் இடப்பெயர்வில நாவற்குழிப் பாலத்தால மழைக்க நடந்தனாங்கள், பிள்ளையளைப் போர்க்க ஒரு துவாயும் இல்லை. இப்ப ஆரோ ஒரு ஆமிக்காரன்ர குளிர் உடுப்புக்கு வேப்பமிலை வச்சு அலுமாரியில ஒரு தட்டோ?

வடலி:
அண்ணை அதுக்குத்தான் நான் இங்கத்தை ஆமிச் சாமான் ஒண்டும் தொடுறேல்லை, உருமறைப்புத் துணியும் வேண்டாம், பட்ஜும் வேண்டாம். எனக்குப் பிடிச்சது குளிரோட மல்லுக்கட்டின விதம்தான். 41ல ஜெர்மன்காரன் மொஸ்கோ வாசல் மட்டும் போய் குளிர் உடுப்பில்லாம விறைச்சவன், டிசம்பரில ஊர்ச் சனத்திட்டப் பழைய கம்பளி, ஸ்கீ எல்லாம் கேட்டு வாங்கினவங்கள். மற்றப்பக்கம் ரஷ்யன் பஞ்சு வச்சுத் தைச்ச தெலோக்ரெய்க்கா ஜக்கெற்றோட நிண்டவன். இது தையலின்ர வரலாறு அண்ணை.

கோண்டாவிலான்:
தைச்சவன்ர பேர் எங்க? லேபிளில கொன்ராக்ட் நம்பர்தானே கிடக்கு.

மினி_சிங்கர்:
ரெண்டு பேரும் பிடுங்குப்படாதேங்கோ. எம்-51ஐ 60களில இங்கிலாந்துப் பெடியள் சூட்டில அழுக்குப் படாம இருக்க ஸ்கூட்டரில போட்டுத் திரிஞ்சவங்கள், அப்பவே அது ஆமியை விட்டு வெளிய வந்திட்டுது. எனக்குக் கேள்வி வேற, அது ஒரிஜினல்தானோ? கொப்பி நிறையத் திரியுது. இருட்டுக்க யூவி ரோச் அடிச்சுப் பார், நூல் வெள்ளையா மின்னினா சந்தேகம்தான்.

வடலி:
அடிச்சன். முழுக்க மின்னுது!! ஆனா அம்மா ஊத்தை நாத்தம் எண்டு சோப்புப் பவுடர் போட்டுத் தோச்சுப்போட்டா.

மினி_சிங்கர்:
ஐயோ. அப்ப அந்தச் சோதனை செல்லாது, உந்தப் பவுடர்ல வெண்மைக்குப் போடுற சாமானும் யூவிக்கு மின்னும். இனி லேபிள், சிப், தையலைப் பாத்துத்தான் சொல்லலாம், வடிவா ஒரு படம் போடு. சிப் பழுதெண்டாலும் ரெயிலரிட்டக் குடுத்துப் புதுசு மாத்தாத, மாத்தினா மதிப்புப் போச்சு. லைனரை மாரிமழை துவங்க முன்னம் பிரிச்செடு, பொலித்தீன் பையில கட்டி வச்சா பூஞ்சணம் பிடிக்கும், பருத்திச் சீலையில சுத்திப் பூச்சி உருண்டை போடு. வேப்பமிலை எல்லாம் மனத்திருப்திக்கு.

கோண்டாவிலான்:
உதெல்லாம் இருக்கட்டும். கொம்மா அதைக் கொடியிலயே காயப்போட்டவ? அயலில ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையோ?

வடலி:
கேட்டவை. பின்வீட்டு அம்மம்மா வேலியால எட்டிப் பாத்திட்டு, மெல்லமா, "ஆர் பிள்ளை வந்திருக்கினம்?" எண்டு கேட்டவவாம். அதுக்குப் பிறகு அம்மா அதை அறைக்குள்ள ஃபானைப் போட்டுத்தான் காயவிட்டவ.