ஜித்தாவில் ஆங்கில நாளிதழ் யாருக்காக? அரபு நாட்டுப் பத்திரிகைகளின் வரலாறு குறித்து ஒரு கேள்வி

திருவல்லிக்கேணி வாசகர்:
வீடு மாறுவதற்காகப் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கியபோது, ஜித்தாவில் பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்த என் தந்தையார் கண்ணாடிக் குவளைகளைச் சுற்றிக் கொண்டுவந்த செய்தித்தாள்கள் கிடைத்தன. ஒன்று 'அரப் நியூஸ்' என்னும் ஆங்கில நாளிதழ். முதல் பக்கம் பச்சைத் தாளில் அச்சாகியிருக்கிறது. மற்றொன்று அரபித் தாள். நாம் கடைசிப் பக்கம் என்று எண்ணுவதே அதற்கு முதல் பக்கம். ஆங்கிலேயர் ஆளாத ஒரு நாட்டில் ஆங்கில நாளிதழ் யாருக்காகத் தொடங்கப்பட்டது? நம் ஊரைப் போலவே அங்கும் ஆங்கிலம் முந்திக்கொண்டு, தாய்மொழி இதழ்கள் பின்னால் வந்தனவா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மண்ணடி அன்பர்:
அங்கே வரிசை வேறு, ஐயா. சென்னையில் 1785இல் 'மெட்ராஸ் கூரியர்' வந்துவிட்டது. 'சுதேசமித்திரன்' தோன்றியது 1882இல். எகிப்திலோ, 1798இல் நெப்போலியனின் படையோடு வந்த அச்சகம் பிரெஞ்சு மொழியில் ஓர் இதழை வெளியிட்டதை விட்டுவிட்டால், ஆட்சியாளர் முகமது அலி 1828இல் தொடங்கிய 'அல் வகாயி அல் மிஸ்ரியா' தான் முன்னோடி. துருக்கியிலும் அரபியிலும் வந்த அது அரசிதழே. அதிகாரிகள் படிப்பதற்கென்றே அச்சிடப்பட்டது.

மக்களுக்கான இதழியலை எகிப்தில் வளர்த்தவர்களில் பலர் லெபனான், சிரியா பகுதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதை நாம் அவசியம் நினைவில் வைக்க வேண்டும். உதுமானியப் பேரரசின் தணிக்கை அங்கே இறுகிக்கொண்டே போனதால், ஒப்பீட்டளவில் எழுதுவதற்கு இடமிருந்த எகிப்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். சலீம் தக்லா, பிஷாரா தக்லா என்னும் லெபனான் சகோதரர்கள் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய 'அல் அஹ்ராம்' இதழின் முதல் பிரதி 1876 ஆகஸ்டில் வெளிவந்தது. 'பிரமிடுகள்' என்று பொருள்படும் அந்த வார இதழ் 1881இல் நாளிதழாகி, பின்னர் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்து, இன்றும் வருகிறது. ஊரைவிட்டு வந்த இருவர் மற்றொரு நாட்டின் குரலாகவே ஓர் இதழை நிலைநிறுத்தியதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

எழும்பூர் நூலகத் தோழர்:
மேலே உள்ளது சரியே. ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 'ஈஜிப்ஷியன் கெசட்' 1880இல் அலெக்சாந்திரியாவில் ஆங்கிலேயர்கள் சிலரால் தொடங்கப்பட்டது. பிரிட்டன் எகிப்தைக் கைப்பற்றியது 1882இல்தான். ஆக, ஆட்சிக்கு முன்பே பருத்தியும் துறைமுகமும் ஆங்கில வாசகர்களை அங்கே கொண்டுவந்திருந்தன.

வளைகுடாவில் ஆங்கில நாளிதழ்கள் தோன்றியது இன்னும் பிந்தி. 1961இல் 'குவைத் டைம்ஸ்', 1975இல் ஜித்தாவில் ஹாஃபிஸ் சகோதரர்கள் தொடங்கிய 'அரப் நியூஸ்', 1978இல் துபாயில் 'கலீஜ் டைம்ஸ்', 'கல்ஃப் நியூஸ்' என்று எண்ணெய் வருவாயோடு சேர்ந்தே அவை வளர்ந்தன. அங்கு வேலைக்குச் சென்ற இந்தியர், பாகிஸ்தானியர், பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஆகியோருக்குப் பொதுமொழி ஆங்கிலமே. எனவே உங்கள் கேள்விக்கு நேரான விடை இதுதான்: அந்த நாளிதழ், பெரும் அளவில், உங்கள் தந்தையாரைப் போன்றவர்களுக்காகவே நடந்தது. 'அரப் நியூஸ்' நிறுவனத்தார் 1999இல் ஜித்தாவிலிருந்து மலையாளத்திலும் ஒரு நாளிதழ் தொடங்கினார்கள் என்பதே இதற்குப் போதுமான சான்று.

பழைய அச்சுக்கோப்பாளர்:
அச்சுத் தொழிலில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அரபியில் பெரும்பாலான எழுத்துகள் சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் தனித்து நிற்கும்போதும் வெவ்வேறு வடிவம் கொள்வதால், ஈய எழுத்துகளைக் கோப்பது பெரும்பாடு. தமிழுக்கே அறைகள் போதாமல் திண்டாடிய எங்களுக்கு அந்தச் சிரமம் புரியும். உங்கள் திருவல்லிக்கேணியிலேயே 1927இல் தொடங்கிய 'முசல்மான்' உருது நாளிதழ், அதே எழுத்து மரபைக் கையால் எழுதியே பக்கங்களை உருவாக்கி வந்ததைச் சென்று பாருங்கள். சவூதித் தாள்களில் ஹிஜ்ரி தேதியும் ஆங்கிலத் தேதியும் சேர்ந்தே இருக்கும். உங்கள் தாளில் என்ன தேதி உள்ளது?

திருவல்லிக்கேணி வாசகர்:
அனைவருக்கும் நன்றி. ரஜப் 1404, ஏப்ரல் 1984 என்றிருக்கிறது. அந்த மே மாதத்தில்தான் அப்பா விடுமுறைக்கு வந்தார். உட்பக்கத்தில் ரூபாயின் மாற்று மதிப்பை நீல மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ஏதோ கூட்டல் கணக்குப் போட்டிருக்கிறார்.